மகமையும் பிடி அரிசியும்

(மதுரையில் வர்த்தகர்களும், கல்வி மருத்துவ ஸ்தாபனங்களின் நிர்வாகிகளும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு ஸ்தாபனமோ வியாபாரமோ தான் நிலைகொண்டிருக்கும் ஊரின் ஜனங்களோடு நல்லுறவு கொள்வது எங்ஙனம் என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம். இதற்கு விடை தேடி நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. மதுரையும், அதைச் சூழ்ந்திருக்கும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துச் சமவெளியும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்விக்குப் பல விதமான விடைகளைச் செய்து பார்த்திருக்கின்றன. அவற்றில் பலித்தவையும் உண்டு, பலிக்காமற் போனவையும் உண்டு. பலித்தவற்றை எல்லாம் ஒருசேர வைத்துப் பார்க்குந்தோறும் என் மனத்தில் ஓர் அபிப்பிராயம் உறுதிப்பட்டு வருகிறது. கொடுத்துக்கொண்டே இருப்பதனால் மட்டும் ஓர் ஊர் நம்மைத் தன்னுடையவர்களாக ஏற்றுக்கொண்டு விடுவதில்லை. நாம் செய்யும் காரியத்துக்காக ஊரிடம் ஏதேனும் ஒன்றைக் கேட்டு வாங்கி, அந்தக் காரியத்தின் பொறுப்பில் ஊருக்கும் ஒரு பங்கு வைத்து, அதன் கணக்கைக் கேட்கும் பாத்தியதையையும் கொடுத்தோமானால், அன்றைக்குத்தான் உறவு என்ற சொல்லுக்குத் தகுந்த ஒன்று அங்கே பிறக்கிறது. தானம் செய்கிறவன் உயரத்தில் நிற்கிறான். வாங்குகிறவன் நன்றி சொல்லிவிட்டு விலகிப் போகிறான். பங்கு வைத்தவர்களோ விலகிப் போக முடியாது.

இந்த அபிப்பிராயத்துக்கு மிகப் பழைய சாட்சி நம்முடைய சித்திரைத் திருவிழாவே. அழகரைக் காண்பதற்குத் தேனூரிலே வைகைக் கரையில் நடந்துவந்த விழாவைத் திருமலை நாயக்கர் மதுரைக்குக் கொண்டுவந்து மீனாட்சியம்மன் திருக்கல்யாணத்தோடும் தேரோடும் இணைத்தார் என்று மரபு சொல்லுகிறது. பெரிய தேரை இழுப்பதற்கு ஆயிரக்கணக்கான தோள்கள் வேண்டியிருந்தன. அறுவடை முடிந்து குடியானவர்கள் கை ஓய்ந்திருக்கும் சித்திரை மாதத்தில் விழா அமைந்தால்தான் நாட்டுப்புறத்து ஜனங்கள் வந்து வடம் பிடிப்பார்கள் என்ற யோசனையும் அந்த ஏற்பாட்டில் அடங்கியிருந்ததாகச் சொல்லுவார்கள். ஓர் அரசாங்கம் தன் குடிகளின் வேலைப் பருவத்தைப் பார்த்துத் தன் உற்சவத்தின் மாதத்தை மாற்றிக்கொண்டது என்பது சாமான்யமான விஷயமன்று. அதைவிடப் பெரிய விவேகம் ஒன்றும் அதிலே இருக்கிறது. விழாவை மதுரைக்கு எடுத்துக்கொண்டவர்கள் தேனூரை மறந்துவிடவில்லை. வண்டியூருக்கு அருகே வைகையில் நிற்கும் தேனூர் மண்டபம் அந்தக் கிராமத்தின் உரிமைக்கு அடையாளமாக இன்றைக்கும் இருக்கிறது. மண்டூக மகரிஷிக்கு அழகர் சாப விமோசனம் கொடுப்பது அங்கேதான். ஒன்றை இழந்த ஊருக்கு, அந்த ஒன்று எங்கே போயிற்றோ அங்கேயே ஒரு ஸ்தானத்தை வைத்துக் கொடுத்தார்கள். இந்தக் காலத்தில் ஏரிக்கரையையும் மேய்ச்சல் நிலத்தையும் எடுத்துக்கொண்டு தொழிற்சாலை கட்டுகிறவர்கள் தேனூர் மண்டபத்தை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

இந்த விழாவுக்காக அழகர் புறப்பட்டு வரும் வழி, அழகர்கோவிலிலிருந்து மதுரைக்குச் சுமார் 20 கிலோமீட்டர். அந்த வழி நெடுகிலும் அவர் நின்று செல்லும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். வியாபாரிகளுடையது, தொழிலாளர் சங்கத்தினுடையது, ஒவ்வொரு சமூகத்தாருடையது, தனிக் குடும்பங்களுடையது என்று வரிசையாக இருக்கும் அவற்றில் எதையும் அழகர் அவசரமாகக் கடந்து போய்விடுவதில்லை. மண்டகப்படிக்காரர் பந்தல் போட வேண்டும். வருகிறவர்களுக்குப் பானகமும் நீர்மோரும் வைக்க வேண்டும். ராத்திரி முழுதும் விழித்திருந்து காத்திருக்க வேண்டும். அதற்கு ஈடாக அவருக்குக் கிடைப்பது சில நிமிஷ தரிசனமும் ஒரு பரிவட்டமும் மட்டுமே. ஆனால் அந்தச் சில நிமிஷத்தில் தெருவே பார்த்துக்கொண்டிருக்க அவர் ஊருக்குக் கடமைப்பட்டவராக நிற்கிறார். அடுத்த வருஷம் பந்தல் போடாவிட்டால், “ஏன் இந்த வருஷம் இல்லை?” என்று கேட்கும் உரிமை தெருவுக்கு வந்துவிடுகிறது. அந்தக் கேள்விதான் உறவின் உயிர்.

இனி, நமக்குத் தெற்கே சுமார் 45 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் விருதுநகருக்கு வருகிறேன். அந்நாளில் விருதுபட்டி என்று பெயர். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டு வர்த்தகர்கள் செய்த காரியங்களுக்குள் அங்கே நடந்ததைப் போன்ற சிறப்புடையது மற்றொன்று இல்லை என்பது என் கருத்து. ஆகையால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

தெற்கிலிருந்து பனை வெல்லமும் கருவாடும் பருத்தியும் மாட்டு வண்டிகளில் ஏற்றி வந்த நாடார் வியாபாரிகள், வழிப்பறிக்கும் காவல் கூலிக்கும் அஞ்சி, இராத் தங்குவதற்கு மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தார்கள். வண்டியை அவிழ்த்துப்போட இடம், மாட்டுக்குத் தண்ணீர், சரக்குக்குப் பாதுகாப்பு ஆகியவை அங்கே கிடைத்தன. பேட்டைக்குச் செலவு உண்டல்லவா? அதற்காக வாங்குகிற சரக்கின் பேரிலும் விற்கிற சரக்கின் பேரிலும் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைத் தாங்களே தங்கள்மேல் விதித்துக்கொண்டார்கள். அதுதான் மகமை. அந்தப் பணத்தை நிர்வகிப்பதற்கு உறவின்முறை என்ற சபை. உறவின்முறையின் பொறுப்பை முறை வைத்து ஏற்பதற்கு முறைகாரர். விருதுபட்டி, சிவகாசி, திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, சாத்தங்குடி என்ற ஆறு ஊர்களும் இந்த ஏற்பாட்டினால் தலையெடுத்தவை.

மகமையின் ஒரு விசேஷத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அது லாபத்திலிருந்து எடுக்கப்படவில்லை. சரக்கு கை மாறும்போதே எடுக்கப்பட்டது. அந்த வருஷம் வியாபாரிக்கு லாபமா நஷ்டமா என்ற விசாரணைக்கே அங்கு இடமில்லை. தராசில் மூட்டை ஏறினால் பொதுக் காரியத்துக்கு உள்ள பங்கும் கூடவே ஏறிவிடும். எவ்வளவு மூட்டை வந்தது என்பது கடைத் தெருவுக்கே தெரியுமாதலால், மகமை எவ்வளவு சேர்ந்திருக்க வேண்டும் என்பதும் கடைத் தெருவுக்குத் தெரியும். பொதுப் பணத்தில் கை வைப்பதற்குக் கூச்சம் வரும்படியான ஒரு கணக்கு முறை தன்னாலே அமைந்துவிட்டது.

இந்த நாடார் ஜனங்கள் அக்காலத்தில் எந்த நிலைமையில் இருந்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். கோவிலுக்குள் போகக் கூடாது என்று தடுக்கப்பட்டிருந்தார்கள். கமுதிக் கோவில் நுழைவு 1897இல் வழக்காகிப் பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் இழுபட்டது. 1899இல் சிவகாசி கொள்ளை நடந்தது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. இவ்வளவு பகையின் நடுவே இருந்த ஒரு சமூகம் தன் பணத்தைத் தன் மதிலுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டிருந்தால் அதை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் விருதுபட்டியார் 1889இலேயே க்ஷத்திரிய வித்யாசாலை என்ற பள்ளியைத் தொடங்கி, அதன் கதவை மற்றச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்து வைத்தார்கள். தங்களைக் கோவில் வாசலில் நிறுத்தியவர்களின் பிள்ளைகளும் தங்கள் பள்ளி வாசலில் நிற்கக் கூடாது என்று எண்ணிய அந்த மனம் எவ்வளவு பெரியது!

பள்ளியில் சம்பளம் வாங்குவதில்லை. அப்படியானால் உபாத்தியாயர்களுக்கு எங்கிருந்து கொடுப்பது? மகமை இருந்தது, அதோடு பிடி அரிசி என்ற ஏற்பாடும் வந்தது. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பது. குறித்த நாளில் பள்ளிக்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டு போவது. சேர்ந்த அரிசியை விற்றுப் பள்ளிச் செலவுக்கு வைத்துக்கொள்வது. மகமையைக் கொடுத்தவர் கடையில் இருந்த ஆண்பிள்ளை. பிடி அரிசியைக் கொடுத்ததோ அடுக்களையில் இருந்த ஸ்திரீ. எழுதப் படிக்க அறியாத ஒரு தாய், தன் வீட்டில் பள்ளிக்குப் போகும் வயதில் பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், உலை கொதிக்கும்போதெல்லாம் அந்தப் பள்ளியை நினைத்தாள். ஒரு கோடீசுவரர் முழுச் செலவையும் தாமே ஏற்று அந்தப் பள்ளியைக் கட்டிக் கொடுத்திருந்தால், கட்டடம் இன்னும் அழகாகக்கூட அமைந்திருக்கலாம். ஆனால் ஊரின் ஒவ்வொரு அடுப்பிலிருந்தும் அதற்கு ஒரு நூல் போயிருக்காது.

1903இல் பிறந்த காமராஜர் இந்த க்ஷத்திரிய வித்யாசாலையில்தான் படித்தார். தந்தையை இழந்ததனால் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிற்று. அவர் முதலமைச்சராக இருந்த காலத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தில் அரசாங்கம் மட்டுமே செலவு செய்யவில்லை. செலவில் ஒரு பகுதியை உள்ளூர் ஜனங்கள் ஏற்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். 1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் அப்படியே. கல்வித் துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவும் முதலமைச்சரும் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் போட்டு வைத்துக் கேட்டார்கள். ஒருவர் பலகை கொடுத்தார், ஒருவர் கிணறு வெட்டித் தந்தார், ஒருவர் நிலமே எழுதி வைத்தார். வறுமையான ஊரிடம் போய்க் கேட்கலாமா என்று தயங்குகிறவர்கள் உண்டு. பிடி அரிசியில் நடந்த பள்ளியில் படித்தவருக்கு அந்தத் தயக்கம் இருந்திருக்காது. ஏழையிடம் கேட்பது அவனைக் கௌரவிப்பதாகும் என்பதை அவர் அடுப்பங்கரையிலேயே பார்த்து வளர்ந்தவர்.

மகமைக்கும் குறை இல்லாமல் இல்லை. உறவின்முறை என்பது ஒரு சாதிக்கு உட்பட்ட சபை. பள்ளிக் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தாலும் கணக்குப் பார்க்கும் அறையின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. தென் மாவட்டங்களில் அதைப் பார்த்து மற்றச் சமூகத்தாரும் தங்கள் தங்களுக்கென்று சங்கங்களை அமைத்துக்கொண்டார்கள். அதனால் ஒவ்வொரு வகுப்பும் தலையெடுத்தது மெய். வகுப்புகளுக்கு நடுவே இருந்த மதில் உயர்ந்ததும் மெய். இந்தத் தலைமுறை வர்த்தகர்கள் மகமையின் முறையை எடுத்துக்கொள்ளும்போது அதன் சபையை விசாலப்படுத்த வேண்டியது அவசியம்.

வெளியிலிருந்து வந்தவர்களும் இந்தப் பாடத்தைக் கற்றிருக்கிறார்கள். அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் இங்கே வந்தது. அவர்களுடைய மதப் பிரசாரத்தை ஊர் சந்தேகத்தோடுதான் பார்த்தது. ஆயினும் டாக்டர் வான் ஆலன் என்ற மிஷன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையில் ஆஸ்பத்திரி கட்ட முற்பட்டபோது, கடல் கடந்து பணம் தருவிப்பதோடு நிற்காமல் இங்குள்ள ஜமீன்தார்களிடமும் செல்வர்களிடமும் போய்க் கேட்டார். இந்துக்களான அவர்களும் மனமுவந்து கொடுத்தார்கள். மதத்தில் வேறுபட்டு நின்றவர்கள் ஒரு சுவரைச் சேர்ந்து எழுப்பினார்கள்.

இதற்கு மாறான உதாரணமும் நம் ஊரிலேயே உண்டு. ஹார்வி சகோதரர்களின் மதுரை மில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் தொழிலாளருக்காக எழுந்த ஹார்விபட்டி இன்றைக்கும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. வீடும் கூலியும் கொடுத்த அந்த ஸ்தாபனத்தில்தான் 1918ஐ ஒட்டிய வருஷங்களில் வேலை நிறுத்தங்கள் மூண்டன. தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டி அவர்கள் பக்கம் நின்றவர், குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்றதனால் இந்தப் பக்கத்து ஜனங்கள் ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைத்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். மில் முதலாளிகளிடம் கொடுக்கும் குணம் இல்லாமற் போகவில்லை. தொழிலாளி எழுந்து நின்று கேள்வி கேட்பதற்கு ஓர் இடம் அங்கே இல்லை. அதனால்தான் கேள்வி மில் வாசலுக்கு வெளியே வந்து நின்றது.

பழங்கதை போதும், இன்றைய கடைத் தெருவைப் பார்ப்போம். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போனால் வியாபார உறவு என்பதன் மெய்யான ரூபத்தைக் காணலாம். உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இருட்டோடு மொட்டுப் பறித்து, மொட்டு விரிவதற்கு முன்னால் மூட்டையைக் கட்டிப் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ ஏற்றி அனுப்பிவிட்டுப் பல விவசாயிகள் மறுபடி தோட்டத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். மூட்டை மட்டும் கமிஷன் கடைக்கு வருகிறது. எடை போடுபவர் வியாபாரி. விலை பேசுபவர் வியாபாரி. சீட்டு எழுதுபவரும் அவரே. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதன் விலைக்கு ஒரு நிலை கிடையாது. பூ குவியும் நாளில் கிலோ இருநூறு முந்நூறு ரூபாய்க்கு இறங்கும். முகூர்த்த நாளில் ஆயிரத்தைத் தாண்டும். மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்தால் இரண்டாயிரம் மூவாயிரம் என்று ஏறும். இப்படி மணிக்கு மணி மாறும் விலையில், நேரில் வராத ஒரு மனிதருக்கு அன்றைய மெய்யான விலையைச் சீட்டில் எழுதி அனுப்பும் வியாபாரி, தன் நாணயத்தைத் தினந்தோறும் சோதனைக்கு வைக்கிறார்.

இந்த உறவின் மற்றொரு முகத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. செடி வைக்கவும், மருந்து அடிக்கவும், வீட்டுக் கல்யாணத்துக்கும் விவசாயி வியாபாரியிடமே அட்வான்ஸ் வாங்குகிறார். வாங்கியவர் வேறு கடைக்குப் பூவை அனுப்ப முடியாது. ஆபத்துக்கு உதவிய கையே கட்டிவிடுகிற கையாகவும் ஆகிறது. இதை ஒரேயடியாகக் கண்டிக்க நான் தயாராயில்லை. பாங்கு திறக்கும் நேரம் வரை காத்திருக்க முடியாத தேவைகள் தோட்டக்காரருக்கு உண்டு என்பதை நான் அறிவேன். ஆனால் அட்வான்ஸில் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பதை விவசாயி தன் கையில் உள்ள நோட்டிலேயே பார்த்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. வாயால் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளும் கடைகளும் இருக்கின்றன. இரண்டிலும் வட்டியும் கமிஷனும் ஒன்றாகவே இருந்தாலும் முதற்கடையில் இருப்பது உறவு. மற்றதில் இருப்பது பிணை.

அடுத்து நான் சொல்லப் போவது அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைப் பற்றி. அதன் புகழைப் பேசுவதற்கு வேறு மேடைகள் பல உண்டு. நான் எடுத்துக்கொள்வது அது ஊர்களோடு கொண்ட சம்பந்தம் எப்படி வளர்ந்தது என்பதை மட்டும். எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தினால் விரல்கள் கோணிப்போன பிறகும் கண் அறுவையைப் பழகிக் கைவரப்பெற்றவர். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் 1976இல் 11 படுக்கைகளோடு இந்த ஸ்தாபனத்தைத் தொடங்கினார். அரசு வைத்தியராக இருந்தபோதே கிராமங்களில் முகாம் நடத்திப் பழக்கம் உள்ளவர் அவர்.

முகாமில் கண்புரை என்று கண்டு, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், பணமே வேண்டாம், இலவசமாக அறுவை செய்கிறோம் என்று சொன்னால் எல்லோரும் ஓடி வந்துவிடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெரும்பாலோர் வரவில்லை. விசாரித்துப் பார்த்ததில் காரணங்கள் தெரிந்தன. பஸ்ஸுக்குக் காசு இல்லை. மதுரையில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது. துணைக்கு வருகிற மகனுக்கு நாலு நாள் கூலி போய்விடும். கத்தி வைத்தால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்ற பயம். அறுவைக்குத்தான் விலை இல்லை. அறுவை மேஜைக்கு வந்து சேருவதற்கு விலை இருந்தது. அதை ஸ்தாபனம் புரிந்துகொண்டு, முகாமில் தேர்ந்தெடுத்தவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி அழைத்து வந்து, சோறு போட்டு, படுக்கப் பாய் கொடுத்து, அறுவை முடித்து, திரும்ப ஊரிலே கொண்டுபோய் விடும் ஏற்பாட்டைச் செய்தது. ஒரே ஊர்க்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரே பஸ்ஸில் வரும்போது பயம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. கண் தெரிந்து திரும்பிய கிழவி ஒருத்தி தன் தெருவில் செய்யும் பிரசாரத்துக்கு எந்த விளம்பரமும் ஈடாகாது.

ஆனால் முகாமை ஆஸ்பத்திரி தனியாக நடத்தவில்லை என்பதுதான் நம்முடைய விஷயத்துக்கு முக்கியம். ஒவ்வொரு முகாமுக்கும் உள்ளூரில் ஒரு பொறுப்பாளர் வேண்டும். லயன்ஸ் சங்கமோ, ரோட்டரியோ, வியாபாரிகள் சங்கமோ, கோவில் தர்மகர்த்தாக்களோ, பள்ளியோ, யாராவது முன்வர வேண்டும். பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்குவதும், ஆட்டோவில் மைக் கட்டிச் சுற்றுக் கிராமங்களுக்குச் சொல்லுவதும், நோட்டீஸ் அடிப்பதும், பெஞ்சும் குடிதண்ணீரும் போடுவதும் அவர்கள் பொறுப்பு. வைத்தியமும் பஸ்ஸும் அறுவையும் ஆஸ்பத்திரியின் பொறுப்பு. தன் சொந்தச் செலவில் எல்லாவற்றையும் செய்துவிடக்கூடிய வல்லமை வந்த பிறகும் அந்த ஸ்தாபனம் இந்தப் பிரிவினையை விடவில்லை. வைத்தியர்கள் முகாம் முடிந்து போய்விடுவார்கள். மைக் பிடித்துக் கூப்பிட்ட மளிகைக் கடைக்காரர் அங்கேயேதான் இருப்பார். ஏதாவது குறை நேர்ந்தால் அவரைத்தான் ஜனங்கள் கேட்பார்கள். ஆகையால் அவரும் ஆஸ்பத்திரியைக் கேட்பார்.

இவ்வளவு செய்தும் போதவில்லை. கிராமங்களில் கண் வைத்தியம் தேவைப்படுகிறவர்களுள் முகாமுக்கு வருகிறவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை என்பது 1999இல் வெளியான ஆய்வு ஒன்றில் தெரியவந்தது. தன் பெருமைக்குக் காரணமான முகாம்களே இப்படிக் குறையுடையவை என்று கண்டதும் ஸ்தாபனம் அதை மூடி மறைக்கவில்லை. கிராமத்துக்குள்ளேயே நிரந்தரமாக இருக்கும் பார்வை மையங்களை 2004 முதல் திறக்கலாயிற்று. சின்ன இடம்; கண்ணைப் பரிசோதிக்கும் கருவி; கம்ப்யூட்டர் வழியாகப் பெரிய ஆஸ்பத்திரி வைத்தியரோடு பேசும் வசதி; வருகிறவரிடம் ஒரு சிறு கட்டணம். அங்கே பரிசோதனை செய்வது பெரும்பாலும் அதே மாதிரிக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்து வந்து, ஸ்தாபனத்திலேயே பயிற்சி பெற்ற பெண்கள். மகளை அனுப்பிய தகப்பனாருக்கு அந்த ஆஸ்பத்திரி வெளியாருடையது என்று தோன்றுமா?

இந்த முறைக்கு நேர் எதிரான ஒன்றை நம் கண் முன்னாலேயே பார்த்தோம். மேலூர் வட்டத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்காகச் சுமார் 5,000 ஏக்கர் பரப்பை மத்திய அரசு ஏலம் விட்டு, 2024 நவம்பரில் முடிவை அறிவித்தது. அந்தப் பரப்புக்குள் அரிட்டாபட்டியும் வந்தது. பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோவிலும், தமிழி எழுத்துக் கல்வெட்டும், சமணச் சிற்பமும், ஏரிகளும் சுனைகளும் உள்ள அந்த ஊரைத்தான் தமிழ்நாடு அரசு 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்தது. ஜனங்களுக்கு ஏலம் முடிந்த பிறகே விஷயம் எட்டியது. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பரில் சட்டசபையும் தீர்மானம் செய்தது. 2025 ஜனவரி 7ஆம் தேதி மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்கு நடந்து வந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி ஏலம் ரத்தாயிற்று. சுரங்கம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் புகவில்லை. ஊர் கேட்ட முதல் கேள்வி, எங்களைக் கேட்டீர்களா என்பது. அதற்கு எந்தக் காகிதத்திலும் விடை இருக்கவில்லை.

வர்த்தகப் பெருமக்களே, உங்களில் பெரிய கம்பெனிகளை நடத்துகிறவர்களுக்கு 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு தெரிந்ததே. நிகர லாபம் 5 கோடியோ, விற்பனை 1,000 கோடியோ, நிகர மதிப்பு 500 கோடியோ, அதற்கு மேலோ உள்ள கம்பெனிகள், முந்திய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். தாங்கள் தொழில் நடத்தும் பகுதிக்கு முதன்மை தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்லுகிறது. நல்ல சட்டம். ஆனால் அதை மகமையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மகமை மூட்டையின் பேரில் விதிக்கப்பட்டது. இது லாபத்தின் பேரில். மகமையின் கணக்கு உறவின்முறைக்குப் போயிற்று. இந்தக் கணக்கு டைரக்டர்கள் குழுவுக்கும் அரசாங்க இலாகாவுக்கும் போகிறது. பணம் செலவாகிற ஊர், அந்தக் கணக்கில் எங்கேயும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் எத்தனையோ இடங்களில் பெயிண்ட் அடித்த பள்ளிச் சுவரில் கம்பெனியின் பெயர் பெரிதாக இருக்கிறது. அதே பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கான கழிப்பறைக்குத் தண்ணீர் வருவதில்லை. ஊரைக் கேட்டிருந்தால் முதலில் தண்ணீரைத்தான் சொல்லியிருக்கும்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. நம் மாநிலத்தில் கிராம சபை ஆண்டில் ஆறு நாட்கள் கூடுகிறது: குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி, உள்ளாட்சி தினமாகிய நவம்பர் 1. உங்கள் குழு இந்த வருஷத்துத் திட்டத்தை முடிவு செய்வதற்கு முன்னால் அதைத் தமிழில் எழுதி, தொகையையும் போட்டு, அந்த நாட்களில் ஒன்றில் ஊர் முன்னால் வைக்கலாம். ஊர் அதற்கு என்ன தரும் என்று கேட்கலாம். இடம் தரும், ஆள் தரும், பராமரிக்கும் பொறுப்பைத் தரும், ஒரு பிடி அரிசியும் தரும். ஒரு வருஷம் கழித்து அதே மேடைக்கு உங்கள் மானேஜர் திரும்ப வந்து, எவ்வளவு செலவாயிற்று, எது முடிந்தது, எது முடியவில்லை என்று வாசிக்கலாம். கேள்விகள் வரும், சில கேள்விகள் கடுமையாகவும் இருக்கும். அங்கேயே உட்கார்ந்து அவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டு வரும்படி உங்கள் மானேஜருக்கு உத்தரவு கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.